அறுபத்திரண்டு வீடுகளின் கடைசி வாய்தா

ராஜா, மந்திரி, மூன்று இளவரசர்கள் இருந்தால்தான் புதிர் என்று நினைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டாம். இதில் ஒரு வக்கீல்தான் இருக்கிறார். அவரும் கதை பாதி நடப்பதற்குள் இறந்துபோகிறார். புதிருக்கு விடை உண்டு, ஆனால் அது தெரிந்து யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை.

வடாற்றூர் முன்சீப் கோர்ட்டில் தணிகாசலம் முப்பத்தொரு வருஷம் வக்கீலாக இருந்தார். அந்த ஊர் நகராட்சி, பஸ் ஸ்டாண்டைப் பெரிதாக்க ஒரு நிலத்தைக் கேட்டது. நிலத்தில் நகராட்சியின் துப்புரவுத் தொழிலாளர்களே அறுபத்திரண்டு வீடுகள் கட்டிக் குடியிருந்தார்கள். ஊரைப் பெருக்குகிறவர்களை ஊரே பெருக்கித் தள்ளப் பார்த்தது. தணிகாசலம் ஃபீஸ் வாங்காமல் வழக்குப் போட்டார், இடிக்கக் கூடாது என்று தடையுத்தரவு வாங்கினார். அந்தத் தடை அடுத்த வாய்தா வரைக்கும்தான் செல்லும். ஒவ்வொரு வாய்தாவிலும் யாராவது எழுந்து நின்று நீட்டிக்கக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அன்றோடு போயிற்று. பத்தொன்பது வருஷம் அவர் எழுந்து நின்று கேட்டார்.

முதல் வருஷத்தில் ஒரு சங்கடம் நடந்தது. குடியிருப்பைச் சேர்ந்த ஒருவர் கோர்ட்டில் தானாக எழுந்து, அந்த இடத்தில் ஒரு காலத்தில் வாய்க்கால் ஓடியது என்று பெருமையாகச் சொல்லிவிட்டார். வாய்க்கால் என்றால் அரசு நிலம், அந்த இடத்தில் வீட்டுக்கு உரிமை கேட்பது எப்படி? அந்த ஒரு பேச்சைச் சரிக்கட்ட தணிகாசலத்துக்கு இரண்டு வருஷம் பிடித்தது. அதிலிருந்து, குடியிருப்பின் சார்பில் வழக்கில் வாதியாக இருந்த செவ்வந்தியிடம் ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவர் சொல்வது ஒன்றுதான்.

"கோர்ட்ல கும்பிட்டுட்டு நில்லும்மா. வாயைத் திறக்காதே. நான் இருக்கேன்ல."

வீட்டிலும் 'நான் இருக்கேன்ல' தான். மனைவி வேதவல்லிக்குக் கேஸ் சிலிண்டர் பதியக்கூடத் தெரியாது. மகள் நிறைமதி வக்கீலாகி, அவரிடமே ஏழு வருஷம் ஜூனியராக இருந்தாள். அந்த வழக்கில் மட்டும் ஒரு நாளும் அவளைப் பேச விட்டதில்லை. நல்ல மனிதர். இப்படி ஒரு மனிதர் நம் வீட்டில் இல்லையே என்று பலர் ஏங்கியிருக்கிறார்கள், நானும்தான்.

அது கோடை விடுமுறைக்கு முந்தைய கடைசி வேலைநாள். அதை விட்டால் கோர்ட் ஜூனில்தான். அன்று தடையை நீட்டிக்க வேண்டும். விடியற்காலை ஐந்தரைக்கு தணிகாசலம் மாரடைப்பில் இறந்துபோனார்.

வக்கீல்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தங்களில் ஒருவர் இறந்தால் அன்று ஒருவரும் கோர்ட்டுக்குள் கால் வைக்கமாட்டார்கள். போனவருக்குச் செய்யும் மரியாதை அது. வேதவல்லிக்கு வழக்கு விவரம் தெரியாவிட்டாலும் இந்த வழக்கம் தெரியும். கணவர் அப்படி எத்தனையோ நாள் காலையிலேயே வீடு திரும்பியிருக்கிறார். அன்று என்ன நாள் என்பதும் தெரியும், முந்தின ராத்திரி சாப்பிடும்போதுகூட அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்.

"பதினோரு மணி வரைக்கும் யாருக்கும் சொல்ல வேணாம்," என்றாள் மகளிடம். "நீ போய்த் தடையை வாங்கிட்டு வா. அதுவரைக்கும் நான் அழாம இருக்கேன்."

நிறைமதி கருப்புக் கோட்டை எடுத்தாள். ஒரு கையை நுழைத்தாள், மறு கை நுழையவில்லை. அப்பாவை மூடிய அறையில் கிடத்திவிட்டு, அவர் நின்ற இடத்தில் போய் நின்று பேச முடியாது என்று உட்கார்ந்துவிட்டாள். வக்கீல் சங்கத் தலைவர் ராஜரத்தினத்துக்குப் போன் செய்து விஷயத்தைச் சொல்லி, இந்த ஒரு வழக்குக்கு மட்டும் யாரையாவது அனுப்பக் கெஞ்சினாள். ராஜரத்தினம் தணிகாசலத்தோடு ஒன்றாகப் படித்தவர். போனிலேயே தேம்பி அழுதார். தணிகாசலத்துக்கே விதிவிலக்கு வைத்தால் பிறகு யாருக்கு மரியாதை செய்வது என்று கேட்டார். இப்படிப்பட்ட நாட்களில் நீதிபதி எல்லாத் தடைகளையும் தானாகவே நீட்டித்துவிடுவார் என்று தேற்றினார். அந்த நீதிபதி அன்று விடுப்பு. வெளியூரிலிருந்து பொறுப்புக்கு ஒருவர் வந்திருந்தார். அது ராஜரத்தினத்துக்கு ஞாபகம் வரவில்லை.

கோர்ட்டில் வழக்கைக் கூப்பிட்டார்கள். நகராட்சி வக்கீல்கூட மரியாதைக்காக வரவில்லை. அழுது வீங்கிய முகத்தோடு செவ்வந்தி மட்டும் நின்றாள். நீங்களே ஏதாவது கேட்க வேண்டுமா என்று நீதிபதி இரண்டு முறை கேட்டார். அவள் கும்பிட்டபடி இல்லை என்று தலையாட்டினாள். ஜூன் எட்டு என்று எழுதிவிட்டு அவர் அடுத்த வழக்குக் கட்டை எடுத்தார். தடை நீட்டிக்கப்படவில்லை என்பது சாயங்காலத்துக்குள் நகராட்சிக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை தணிகாசலத்தைச் சுடுகாட்டுக்குத் தூக்கினார்கள். அறுபத்திரண்டு வீட்டாரும் கதவைப் பூட்டிக்கொண்டு பின்னால் நடந்தார்கள். இடிக்கும் எந்திரம் அப்போதுதான் வந்தது. ஒரு பானையை வெளியே எடுத்து வைக்கவும் அங்கே ஆள் இல்லை. ஆற்றில் முழுகி ஈரத்துணியோடு அவர்கள் திரும்பியபோது, மாற்றுத்துணி செங்கல்லுக்கு அடியில் கிடந்தது.

ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று நிறைமதி பிறகு செவ்வந்தியிடம் கேட்டாள்.

"வாயைத் திறக்காதேன்னு ஐயா சொல்லியிருக்காரே," என்றாள் செவ்வந்தி. "அவரு செத்த அன்னிக்கே அவரு பேச்சை மீறுறதா?"

சாவை மறைக்கச் சொன்னாள் மனைவி. முடியாது என்றாள் மகள். மரியாதையை விட்டுக்கொடுக்க மறுத்தார் தலைவர். வாய் திறக்காமல் நின்றாள் செவ்வந்தி. அந்த வீடுகள் விழுந்தது யார் செய்த பிழையால்?

விடை: இந்த நால்வரில் யாரும் இல்லை. பிழை, பாடையில் போனவருடையது. இதை எழுத எனக்கு மனம் கூசுகிறது, ஏனென்றால் அவர் அதை அன்பால்தான் செய்தார். அன்று என்ன நாள் என்று மனைவிக்குத் தெரிந்தும், வக்கீலோ வாதியோ இல்லாத அவளால் கோர்ட்டில் கேட்க முடியாது. மகளுக்கு அந்த வழக்கில் பேசிப் பழக்கமில்லை. நீதிபதி இரண்டு முறை கேட்டபோது 'தடையை நீட்டிச்சுக் குடுங்கய்யா' என்று சொல்லியிருந்தால் போதும், வாதி சொன்னால் சட்டப்படி அது செல்லும். அந்த மூன்று வார்த்தையைச் செவ்வந்திக்குச் சொல்லித்தர அவருக்குப் பத்தொன்பது வருஷம் இருந்தது.