தவிட்டி பிரித்த தையல்

குளக்கரையில் பூவரசங்கன்றுகள் நெருங்கி வளர்ந்திருந்தன. அவற்றில் ஒன்றில் தவிட்டி என்ற தையல்சிட்டு தன் முதல் கூட்டைத் தைத்துக்கொண்டிருந்தாள். எதிர்க்கன்றில் பவுனு என்ற இன்னொரு தையல்சிட்டு கூட்டைத் தைத்து முடித்து, முட்டையும் இட்டு, உள்ளே அடைகாத்துக்கொண்டிருந்தாள்.

தையல்சிட்டின் வேலை பார்ப்பதற்குச் சுலபம். காம்போடு இருக்கும் பச்சை இலையின் இரண்டு ஓரங்களையும் வளைத்துச் சேர்க்க வேண்டும். அகலம் போதாவிட்டால் பக்கத்து இலையை இழுத்து ஒட்டுப்போட வேண்டும். ஓரத்தில் அலகால் துளையிட்டு, சிலந்தி நூலோ பஞ்சுத் திரியோ கோத்து இழுக்க வேண்டும். பை போல ஆனதும் உள்ளே பஞ்சு பரப்ப வேண்டும். அவ்வளவுதான். ஆனால் செய்யும்போது இலை கிழியும், நூல் உருவிக்கொண்டு வரும், சேர்த்த ஓரம் மறுபடி விரிந்துகொள்ளும்.

பவுனின் கூட்டில் ஒவ்வொரு துளையின் மேலும் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. மேலிருந்து கீழ்வரை ஒரே நேராக நின்ற அந்தப் புள்ளிகளைப் பார்க்கும்போதெல்லாம் தவிட்டிக்கு வயிறு எரிந்தது.

"ரெண்டு பேரும் ஒரே கோடையில பொரிஞ்சவங்கதானே? அவளுக்கு மட்டும் எப்படி வந்துச்சு?" என்று கணவன் வாலனிடம் கேட்டாள்.

"அது எதுக்கு உனக்கு? முட்டை போடற நாள் நெருங்குது. நீ உன் கூட்டைப் பாரு."

"உனக்கும் அவ கூடுதான் அழகாத் தெரியுது. இல்ல?"

வாலன் புழு தேடப் பறந்துவிட்டான். அதையும் தவிட்டி பவுனின் கணக்கில்தான் சேர்த்துக்கொண்டாள்.

அவளும் பவுனைப் போலவே தைத்துப் பார்த்தாள். துளையிட்டாள், நூலை நுழைத்தாள், ஒவ்வொரு துளையின் மேலும் ஒரு துணுக்குப் பஞ்சை அடைத்தாள். எதிர்க்கன்றிலிருந்து பார்த்தால் தெரிவது அந்தப் பஞ்சுப் புள்ளிதானே? ஆனால் அவளுடைய புள்ளிகள் மேலும் கீழுமாகக் கோணி நின்றன. சாயங்காலமானதும் ஒரு தடவை எதிரே பார்ப்பாள், ஒரு தடவை தன் கூட்டைப் பார்ப்பாள். பிறகு தைத்ததையெல்லாம் வெடுக்வெடுக்கென்று பிரித்துப் போட்டுவிடுவாள்.

பிரித்த துளை இலையில் மூடிக்கொள்வதில்லை. இழுத்துப் பிரித்ததில் கிழிந்த இலை ஓரத்திலிருந்து பழுத்தது, சருகானது, விழுந்தது. மறுநாள் வேறு இலை. அதுவும் அப்படியே. கன்றில் நல்ல இலைகள் குறைந்துகொண்டே வந்தன. சருகில் கட்டிய கூடு, முட்டை திருடும் செண்பகப் பறவையின் கண்ணுக்குத் தூரத்திலேயே தெரியும். செண்பகம் ஒரு கூட்டைக் கண்டுவிட்டால் முட்டையை ஓட்டோடு சேர்த்து விழுங்கிவிட்டுத்தான் போகும். தவிட்டியின் வயிற்றிலோ முட்டை கனத்துக்கொண்டிருந்தது. இது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் பிரித்தாள்.

பக்கத்து வேலியில் குடியிருந்த கொண்டைக்குருவி தினமும் வந்து விசாரித்துவிட்டுப் போவாள்.

"என்ன தவிட்டி, இன்னைக்குப் பிரிச்சாச்சா, இனிமேதானா?"

"உனக்கு வேற வேலை இல்லையா அக்கா?"

"கோபப்படாதே. பவுனு கூட்டைப் பார்த்துட்டு வர்றேன். அது அலகா ஊசியான்னு தெரியல. உன்னுதும் பரவாயில்ல. குப்பை சிக்கின மாதிரி இருக்கு. பாம்பு வந்தாக்கூட இது கூடுன்னு கண்டுபிடிக்காது. ஒரு விதத்துல பாதுகாப்புதான்."

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். அந்தச் சொல் மட்டும் முள்ளாகத் தவிட்டியின் உள்ளே தங்கிவிட்டது.

அன்று நண்பகலில் பவுனு இரை தேடக் கூட்டைவிட்டுக் கிளம்பினாள். தவிட்டி எதிர்க்கன்றுக்குப் பறந்தாள். கிட்டப் போய்ப் பார்க்கத்தான் போகிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பொறாமை நம்மிடம் பேசும்போது எப்போதுமே இப்படி மரியாதையாகத்தான் ஆரம்பிக்கிறது.

கிட்டத்தில் அந்தக் கூடு இன்னும் அழகாக இருந்தது. அதை அவளால் தாங்க முடியவில்லை.

"ஒண்ணே ஒண்ணு" என்று முணுமுணுத்துக்கொண்டு ஒரு புள்ளியைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. அவளுடைய பஞ்சுப் புள்ளியாக இருந்தால் தொட்டதுமே கழன்றிருக்கும். இன்னும் பலமாக இழுத்தாள். அசையவில்லை. ஆத்திரத்தில் கொத்திக் கொத்தி அதைப் பிய்த்தாள். அப்போதுதான் தெரிந்தது. அது மேலே ஒட்டிய பஞ்சே அல்ல. துளை வழியாக வெளியே வந்த நூலின் நுனிதான். அந்த நுனியைப் பவுனு அலகால் பிரித்துப் பிரித்துப் பூவாக விரித்துவிட்டிருந்தாள். விரிந்த நுனி துளைக்குள் திரும்பிப் போக முடியாது. தையல் நின்றதே அதனால்தான்.

'இவ்வளவுதானா?' என்று நினைத்தாள். உடனே கோபம் இரட்டிப்பானது. இவ்வளவு சின்ன விஷயத்துக்காகவா இத்தனை இலைகளைக் கொன்றேன்? அடுத்த தையலையும் பிய்த்தாள். அதற்கடுத்ததையும் பிய்த்தாள்.

இலையின் ஓரம் படக்கென்று விரிந்தது. கூடு ஒருபக்கமாகச் சாய்ந்தது. உள்ளேயிருந்து புள்ளி போட்ட வெளிர்நீல முட்டைகள் உருண்டு, விரிந்த பிளவை நோக்கி வந்தன.

 தவிட்டி பாய்ந்து போய் அந்தப் பிளவில் நெஞ்சைக் கொடுத்து அடைத்தாள். முட்டைகள் அவள் இறகில் வந்து முட்டி நின்றன. இதமான சூடு. நகர்ந்தால் கீழே விழுந்துவிடும். அதே நேரம் பார்த்துக் குளத்துப் பக்கமிருந்து காற்று கிளம்பியது. கோடை மழை வரப்போகிறது. கன்று ஆடியது. அவளும் கூட்டோடு சேர்ந்து ஆடினாள்.

பவுனு திரும்பி வந்தாள். ஒரு கணம் பார்த்தாள். அலகிலிருந்த பூச்சி நழுவி விழுந்தது.

"அப்படியே இரு. நகராதே" என்று மேல்வழியாக உள்ளே இறங்கினாள். முட்டைகளைத் தன் அடியில் இழுத்துக்கொண்டு ஓரங்களைக் காலால் சேர்த்துப் பிடித்தாள். "நான் உள்ளே பிடிச்சுக்கறேன். நீ வெளியே தை."

"நானா?"

"வேற யாரு இருக்கா இங்கே?"

"எனக்கு நேரா வராது பவுனு."

"நேரா யாரு கேட்டா? மழை வருது. தை."

தவிட்டி தைத்தாள். பக்கத்தில் புதிதாகத் துளையிட்டாள். கிடைத்த நூலைக் கோத்தாள். பவுனு உள்ளிருந்து வாங்கித் திருப்பிக் கொடுத்தாள். தவிட்டி நுனியை வெளியே இழுத்தாள், சற்றுமுன் தான் பிய்த்தபோது கண்டதைப் போலவே விரித்துவிட்டாள். ஒரு தையல் மேலே ஏறிவிட்டது. ஒன்று இறங்கிவிட்டது. பவுனின் அழகான வரிசைக்கு நடுவில் அவளுடைய தையல்கள் வழி தவறிய எறும்புகளைப் போல நின்றன. எல்லாவற்றையும் பிரித்துவிட வேண்டும் என்று அலகு பரபரத்தது. பிரிக்க நேரமில்லை. மழை வந்துவிட்டது.

அடித்துப் பெய்தது. தவிட்டி கூட்டுக்கு வெளியே, தன் தையல்களுக்கு மேல் சிறகை விரித்து ஒட்டிக்கொண்டு கிடந்தாள். நூல் விறைத்தது. இலை முனகியது. தையல் அவிழவில்லை.

மழை விட்டதும் தவிட்டி நனைந்த உடம்போடு எதிர்க்கிளையில் போய் உட்கார்ந்தாள்.  

"பவுனு, காத்துல பிரியல. நான்தான் பிரிச்சேன்."

"தெரியும்."

"எப்படி?"

"காத்துல போனா இலை கிழியும். இது கொத்தின தடம். உள்ளே வரும்போதே பார்த்துட்டேன்."

"தெரிஞ்சுமா என்னைத் தைக்கச் சொன்னே?"

"முட்டை உருண்டுட்டு இருக்கு. அப்ப உன்கூடச் சண்டை போடச் சொல்றியா?"

தவிட்டி தலையைக் குனிந்துகொண்டாள். "அந்தத் தையல் கோணலா இருக்கு. பார்க்க நல்லா இல்ல. பிரிச்சுட்டு நீயே நேராப் போட்டுக்க."

பவுனு வெளியே எட்டிப் பார்த்தாள். அந்தக் கோணல் தையலை மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

"பிரிக்கறதா? நிக்குதில்ல? பிரிச்சுப் பிரிச்சுத்தான் உன் கன்னு மொட்டையா நிக்குது. போ. இனிமே நான் இல்லாதப்ப இந்தப் பக்கம் வராதே."

அவள் குரலில் அன்பு இல்லை. ஆனால் பொய்யும் இல்லை. தவிட்டி தன் கன்றுக்குத் திரும்பினாள்.

அங்கே நல்லதாக ஓர் இலைதான் மிச்சமிருந்தது. ஒட்டுப்போட இன்னோர் இலை, பாதி பழுத்தது. முதல் துளை பெரிதாகிவிட்டது. இரண்டாவது சாய்ந்துவிட்டது. தவிட்டி பழக்கதோஷத்தில் எதிரே பார்த்தாள். வயிறு எரிந்தது. அலகு பிரிப்பதற்காகத் தாழ்ந்தது.  இதையும் பிரித்தால் அடுத்த இலை இல்லை. பிறகு நூலின் நுனியை விரித்துவிட்டு, அதற்கு மேலே அடுத்த துளையைப் போட்டாள்.

மறுநாள் பொழுது சாய்வதற்குள் பை மூடிவிட்டது. கீழ்ப்பகுதி எலி கடித்ததைப் போலிருந்தது. நடுவில் தையல்கள் கொஞ்சம் அடங்கியிருந்தன. வாய்ப்பகுதிக்கு வந்தபோது மூன்று நான்கு புள்ளிகள் ஒரே கோட்டில் நின்றன. அவை நேராக வந்ததை அவளே தைத்து முடித்த பிறகுதான் கவனித்தாள்.

கொண்டைக்குருவி வந்தாள். கூட்டை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள்.

"கீழே என்ன தவிட்டி, இப்படி இருக்கு?"

"அது நேத்து தைச்சது."

"பிரிச்சுடுவியா?"

"முட்டை வரப்போகுது அக்கா. தள்ளு, பஞ்சு எடுக்கணும்."

பவுனின் மேல் இருந்த பொறாமை தவிட்டியை விட்டுப் போய்விட்டதா என்றால், இல்லை. எதிர்க்கன்று கண்ணில் படும்போதெல்லாம் உள்ளே சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அப்போது அவள் அலகு நிறையப் பஞ்சு இருந்தது. அதைக் கொண்டுபோய்க் கூட்டுக்குள் பரப்ப வேண்டியிருந்தது. விடியும்போது அந்தப் பஞ்சின்மேல் புள்ளி போட்ட ஒரு சின்ன வெளிர்நீல முட்டை கிடந்தது. செண்பகம் அந்த வழியாகத்தான் போனது. நெருங்கி நின்ற கன்றுகளின் பச்சை இலைகளுக்கிடையே ஒன்றையும் காணாமல் போய்விட்டது.

பிறர் வேலையோடு ஒப்பிட்டுத் தன் வேலையைப் பிரித்துக்கொண்டே இருப்பவருக்குத் தொழில் படியாது. கோணலாக வந்ததை அப்படியே விட்டுவிட்டு அதன்மேல் அடுத்த தையலைப் போடுகிறவருக்கே அது படியும்.