மூன்றாவது பகுதி

பெனினா பாடுவதை நிறுத்தி நான்கு வருடங்கள் ஆகியிருந்தன.

கணவர் இறந்த முதலாம் ஆண்டு நினைவு நாளில், யூதத் தொழுகைக்கூடத்தில் எல்லோர் முன்னாலும் அவருக்குப் பிடித்த மெட்டைப் பாட எழுந்து நின்றாள். பாதியில் மறந்துபோயிற்று. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அதன் பிறகு வீட்டில் தனியாக இருக்கும்போதுகூட அவள் எதையும் முணுமுணுத்ததில்லை.

அறுபத்தொரு வயதில், மகளின் வற்புறுத்தலால், ஏரிக்கரையில் நடந்த யூதக் கலை முகாமுக்கு வந்தாள். எட்டு நாள் பயிற்சி. கடைசி நாளான வெள்ளிக்கிழமை மாலை எல்லோரும் மேடையேற வேண்டும்.

அவளுக்கு அமைந்த ஆசிரியர் யோராம், வயலின் கலைஞர். அவள் மகளைவிட இளையவர். ஆனாலும் அவரை ‘ஆசிரியரே’ என்றுதான் அழைத்தாள்.

“எதைப் பாடப் போகிறீர்கள்?” என்று முதல் நாள் அவர் கேட்டார்.

“என் கணவருக்குப் பிடித்த மெட்டைத்தான். சொற்கள் இல்லாத நிகுன். மூன்று பகுதிகள். முன்பு பாடியபோது மூன்றாவதில்தான் எனக்கு மறந்துபோயிற்று.”

“பாடுங்கள்.”

“மறுபடியும் மறந்துவிட்டால் என்ன செய்வது, ஆசிரியரே?”

“முதல் பகுதியைப் பாடுங்கள்.”

தினமும் அவள் அதையே கேட்டாள். தினமும் அவர் ‘பாடுங்கள்’ என்றார். புதன்கிழமை அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“நான் கேட்டதற்கு இது பதில் இல்லையே!”

“இல்லைதான்,” என்றார் யோராம். “கிடைத்தால் சொல்கிறேன்.”

வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்கூடத்தில் நாற்காலிகளைப் போட்டு அரங்காக்கியிருந்தார்கள். சூரியன் மறைந்தால் ஓய்வுநாளான சபாத் தொடங்கிவிடும், வாத்தியங்களை மூடி வைத்துவிட வேண்டும். பெனினா கடைசியாக ஏறினாள். அருகில் வயலினுடன் யோராம்.

முதல் பகுதி வந்தது. இரண்டாவது, அவள் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே வந்தது.

அதற்குமேல் ஒன்றும் இல்லை.

அவள் யோராமைத் திரும்பிப் பார்த்தாள். அவர் வயலின் வில்லைத் தாழ்த்திவிட்டு, கண்களை மூடி நின்றார். கூடத்தில் ஒருவரும் அசையவில்லை. பக்கத்தில் நாற்காலி இருந்தது. அவள் உட்காரவில்லை.

அப்போது சமையலறைப் பக்கமிருந்து ஒரு கரகரத்த குரல் மெட்டை எடுத்தது. ரொட்டிக்கு மாவு பிசைபவளான சிப்போரா. பெனினா காலைதோறும் பின்வராந்தாவில் மூன்று பகுதிகளையும் பாடிப் பழகியதை ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தவள். சுருதி கொஞ்சம் விலகியிருந்தது. மெட்டு சரியாக இருந்தது.

பெனினா அதைப் பிடித்துக்கொண்டாள். வயலினும் சேர்ந்துகொண்டது. மூன்றாவது பகுதியை அவள் இரண்டு முறை பாடினாள். இரண்டாவது முறை கூடமே சேர்ந்து பாடியது.

எல்லோரும் கைகுலுக்கிவிட்டுப் போன பிறகு அவள் மேடையின் விளிம்பில் அமர்ந்தாள். நான்கு வருடப் பாரத்தை யாரோ தோளிலிருந்து இறக்கி வைத்ததுபோல இருந்தது.

“இப்போதுதான் புரிகிறது, ஆசிரியரே. நான் கேட்டதற்கு இன்று பதில் சொல்லிவிட்டீர்கள். வேண்டுமென்றேதானே வில்லைத் தாழ்த்தினீர்கள், வேறொருவர் எடுத்துக் கொடுக்கட்டும் என்று?”

யோராம் வயலினைப் பெட்டிக்குள் வைத்தார்.

“இல்லையம்மா. எனக்கும் மறந்துபோயிற்று. அந்தக் குரல் வந்ததும், உங்களைவிட நான்தான் பெரிதாக மூச்சு விட்டேன்.”