மேப்பிள் சாலை, பன்னிரண்டு

கோமதிக்கு அன்று காலையிலேயே கோபம் வந்துவிட்டது. பல் தேய்த்து முடிப்பதற்குள் வந்துவிட்டது.

காரணம் ஒரு கோடு. கைப்பேசியில், பள்ளிக்கூட எல்லைகளைக் காட்டும் வரைபடத்தில், அது நீல நிறத்தில் இருந்தது. பார்லி தெருவின் நடுவே நேராக ஓடியது. கோட்டுக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவர்களின் பிள்ளைகளுக்கு ஃபெர்ன்லீ பள்ளிக்கூடத்தில் இடம் உண்டு. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கிடையாது.

கோமதியின் வீடு முப்பத்தெட்டாம் எண். இந்தப் பக்கம்.

கோவில்பட்டியிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. கணவன் ரகுபதி முன்னாலேயே வந்து வீடு பார்த்தான். "நல்ல பள்ளிக்கூடம் இருக்கிற பகுதியாப் பாருங்க. வேற எது இல்லாட்டாலும் பரவால்ல" என்று கோமதி சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். அவன் தெருப் பெயரைப் பார்த்தான். கதவு எண்ணைப் பார்க்கவில்லை.

"எதிர்வீட்டுப் பூனைகூட அந்தப் பள்ளிக்கூடத்துல சேரலாம். எம் புள்ள சேர முடியாது" என்று அவள் அவனுக்குச் சொல்லிக்காட்டாத நாள் இல்லை.

சொல்லடி தாங்காமல் ரகுபதி ஒரு வழி கண்டுபிடித்தான். அவனோடு வேலை பார்க்கும் ஒருவருக்கு ஃபெர்ன்லீயில், பள்ளிக்கூடத்துக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு சின்ன வீடு இருந்தது. பூட்டியே கிடந்தது. அந்த வீட்டு மின்சாரப் பில்லை ரகுபதி தன் பெயருக்கு மாற்றிக்கொண்டான். பள்ளிக்கூட விண்ணப்பத்தில் அந்த விலாசத்தை எழுதினான். மேப்பிள் சாலை, பன்னிரண்டு.

வருகிற திங்கட்கிழமை நேர்முகம். மகள் நித்திலாவைத் தனியே கூப்பிட்டுப் பேசுவார்கள். அவளுக்கு ஒன்பது வயது. வீடு எங்கே என்று கட்டாயம் கேட்பார்கள்.

இடம் கிடைத்துவிட்டால் தினமும் கொண்டுபோய் விடவேண்டும். அந்தப் பக்கம் பஸ் கிடையாது. அதற்காகத்தான் நாற்பத்திரண்டு வயதில் கோமதி கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தாள்.

கற்றுக்கொடுப்பவர் பெயர் சூசை. தூத்துக்குடிக்காரர். கோமதியைவிட நான்கு வயது இளையவர். ஆனாலும் அந்த ஊர்த் தமிழர்கள் எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். அதிகம் பேசமாட்டார். பயிற்சிக் காரில் அவருடைய காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. பேசவேண்டியதை அதை வைத்தே பேசிவிடுவார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. வகுப்பின் கடைசிக் கால் மணி நேரம் வழி சொல்லமாட்டார். ஓட்டுகிறவர் தானாகவே வீடு போய்ச் சேரவேண்டும். தப்பான தெருவில் திரும்பினாலும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

முதல் வகுப்பிலேயே கோமதி அவரிடம் கேட்டாள்.

"மாஸ்டர், நீங்க இந்த ஊர் பூரா சுத்துறவரு. நல்ல பள்ளிக்கூடம் எந்தப் பக்கம் இருக்கு?"

"கண்ணாடியைச் சரிபண்ணுங்க அக்கா."

இரண்டாவது வகுப்பிலும் கேட்டாள்.

"வலது பக்கம் சைக்கிள் வருது அக்கா."

ஐந்தாவது வகுப்பில், பார்லி தெருவின் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு உரிய பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னார். மணி மூன்று. பிள்ளைகள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

"எத்தனை பேர் சிரிச்சுக்கிட்டு வராங்கன்னு எண்ணுங்க."

"இதை எண்ணி நான் என்ன செய்ய? தரப் பட்டியல்ல இந்தப் பள்ளிக்கூடம் நூத்தி நாப்பதாவது. தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது அக்கா. கியர் போடுங்க."

இந்த ஆளுக்கு ஒன்றும் தெரியாது என்று கோமதி அன்றே முடிவுகட்டிவிட்டாள்.

இன்று சனிக்கிழமை. ரகுபதிக்கு வேலை இருந்தது. நித்திலாவை வீட்டில் தனியே விடமுடியாது. அதனால் அவளும் காரின் பின்சீட்டில் வந்தாள்.

வண்டி தெருமுனையைத் தாண்டியதும் கோமதி ஆரம்பித்தாள்.

"நித்தி, உன் வீடு எங்கே?"

"மேப்பிள் சாலை, பன்னிரண்டு, ஃபெர்ன்லீ."

"எத்தனை நாளா அங்க இருக்க?"

"வந்த நாள்லேருந்து."

"வீட்டுக் கதவு என்ன கலரு?"

"பச்சை. அம்மா, நம்ம வீட்டுக் கதவு வெள்ளைதானே?"

கோமதியின் கால் தானாகவே பிரேக்கை மிதித்தது. பின்னால் வந்த வண்டி ஹாரன் அடித்தது.

"உனக்கு எத்தனை தடவை சொல்றது! வெள்ளைக் கதவைப் பத்திப் பேசவே கூடாதுன்னு சொன்னேன்லா? திங்கக்கிழமை இப்படி உளறுனா எல்லாம் போச்சு. உனக்காகத்தானேடி நான் இந்த வயசுல ஸ்டியரிங்கோட மல்லுக்கட்டுறேன்!"

நித்திலா சீட் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"சாரிம்மா. பச்சை. பச்சை. பச்சை."

"பின்னாடி வண்டி நிக்குது அக்கா. எடுங்க" என்றார் மாஸ்டர்.

முக்கால் மணி நேரம் சுற்றினார்கள். வட்டச் சந்திப்பில் மூன்று முறை திரும்பினாள். ரிவர்ஸ் எடுத்தாள். எல்லாவற்றையும் கோபத்தோடுதான் செய்தாள். ஆனால் தப்பில்லாமல் செய்தாள்.

மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். கையைக் கட்டிக்கொண்டார்.

"கடைசிக் கால் மணி நேரம். வீட்டுக்கு விடுங்க அக்கா."

கோமதி பார்லி தெருப் பக்கம் சிக்னல் போட்டாள். மாஸ்டர் பின்னால் திரும்பினார்.

"பாப்பா, உன் வீடு எங்கே?"

நித்திலா கண்ணாடியில் அம்மாவின் கண்களைப் பார்த்தாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மேப்பிள் சாலை, பன்னிரண்டு, ஃபெர்ன்லீ."

"கேட்டீங்களா அக்கா? வீடு அந்தப் பக்கம். சிக்னலை மாத்துங்க."

"விளையாடாதீங்க மாஸ்டர்."

"நான் விளையாடல. வண்டியில வீட்டைத் தெரிஞ்ச ஆள் சொல்லிட்டாங்க. நான் குறுக்கே பேசமாட்டேன்."

கோமதிக்குக் கன்னம் சூடேறியது. பிள்ளை முன்னால் என்ன பேசுவது? அவள் விளக்கம் சொல்லப் போனால் பிள்ளை குழம்பிவிடும். இரண்டு வாரம் பாடாய்ப்பட்டுப் படிப்பித்தது பாழாகிவிடும். சிக்னலைப் பட்டென்று மாற்றினாள்.

"சரி. பாடமாவும் இருக்கட்டும். நித்தி, வழி சொல்லு."

நித்திலா வழி சொன்னாள். பெட்ரோல் பங்க்கில் இடது பக்கம். நீலக் கூரை சர்ச்சில் வலது பக்கம். ஒரு திருப்பத்தைக்கூட விடவில்லை. ரகுபதி மூன்று தடவை கூட்டிப்போய்க் காட்டியிருந்தான்.

மேப்பிள் சாலையில் பன்னிரண்டாம் எண் வீட்டுக்கு எதிரே கோமதி வண்டியை நிறுத்தினாள். வாசலில் புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. தபால் பெட்டியில் விளம்பரத் தாள்கள் பிதுங்கிக்கொண்டிருந்தன. கதவு பச்சைதான்.

"இறங்கிக்கோ பாப்பா. வீடு வந்துருச்சுல்ல" என்றார் மாஸ்டர்.

நித்திலா அம்மாவைப் பார்த்தாள். கோமதி பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

நித்திலா இரண்டு பக்கமும் பார்த்துத் தெருவைக் கடந்தாள். படியேறினாள். மணியை அழுத்தினாள். கொஞ்சம் காத்திருந்து மறுபடி அழுத்தினாள். அப்புறம் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் பூச்செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி குழாயை மூடிவிட்டு வேலிக்கருகே வந்தார். கார்க் கண்ணாடி இறங்கியிருந்தது. பேச்சு நன்றாகக் கேட்டது.

"யாரைத் தேடுகிறாய், கண்ணே?"

"யாரையும் இல்லை. இது என் வீடு."

"இதுவா? இங்கே ஒரு வருஷமாக யாருமே இல்லையே."

"மேப்பிள் சாலை, பன்னிரண்டு, ஃபெர்ன்லீ. நான் வந்த நாளிலிருந்து இங்கேதான் இருக்கிறேன்."

"நான் தினமும் இங்கேதான் நிற்கிறேன், கண்ணே. உன்னைப் பார்த்ததே இல்லை."

"மேப்பிள் சாலை, பன்னிரண்டு" என்றாள் நித்திலா மறுபடியும், இன்னும் சத்தமாக. "கதவு பச்சை."

அந்தப் பெண்மணி தெருவை மேலும் கீழும் பார்த்தார். சட்டைப்பையில் இருந்து கைப்பேசியை எடுத்தார்.

கோமதி சீட் பெல்ட்டைக் கழற்றினாள்.

"ஹேண்ட்பிரேக் போடுங்க அக்கா" என்றார் மாஸ்டர்.

அவள் போடவில்லை. அவர் போட்டார். அதற்குள் கோமதி தெருவுக்குக் குறுக்கே ஓடிவிட்டாள். கையில் கைப்பேசியோடு நின்ற அம்மாளிடம் சிரித்து, மன்னிப்புக் கேட்டு, குழந்தை விளையாடுகிறாள் என்று சொல்லி, நித்திலாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

காருக்குள் வந்ததும் நித்திலாதான் முதலில் பேசினாள்.

"அம்மா, நான் விளையாடலையே. நீங்க சொன்னபடிதானே சொன்னேன்? ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?"

கோமதி கதவை அறைந்து சாத்தினாள். மாஸ்டர் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கு அறிவிருக்கா? போலீஸைக் கூப்பிட்டிருந்தா? திங்கக்கிழமை நேர்முகம்! உங்களுக்கு என்ன, புள்ளையா குட்டியா? எல்லை போட்டவன் மேல கோபப்பட வக்கில்ல. எங்களை மாதிரி அல்லாடுறவங்களைக் கேலி பண்ண வந்துட்டீங்க. ஒரு கோடு, மாஸ்டர்! ஒரே ஒரு கோடு! அந்தப் பக்கம் பொறந்தா டாக்டர், இந்தப் பக்கம் பொறந்தா ஒண்ணுமில்ல. இது நியாயமா? இது நியாயம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் இப்பவே வீட்டுக்குப் போயிடறேன்!"

"நியாயமில்ல" என்றார் மாஸ்டர்.

கோமதி இதை எதிர்பார்க்கவில்லை.

"அப்புறம் எதுக்கு இந்தக் கூத்து?"

மாஸ்டரின் குரல் உயரவில்லை. ஆனால் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"முன்னாடி நான் பள்ளிக்கூட வண்டி ஓட்டுனேன் அக்கா. ஒருநாள் புயல் வருதுன்னு பதினோரு மணிக்கே பள்ளிக்கூடத்தை விட்டுட்டாங்க. பதிவேட்டுல இருக்கிற வீட்டுல புள்ளைகளை இறக்கிவிடச் சொன்னாங்க. நம்ம ஊருப் பொண்ணு ஒண்ணு. ஏழு வயசு. தினமும் அவங்க அம்மா வந்து கூட்டிட்டுப் போவாங்க. அன்னைக்கு மட்டும் என் வண்டி. இதுதானே உன் வீடுன்னு கேட்டேன். ஆமான்னுச்சு. இறக்கிவிட்டேன். கை காட்டுச்சு. நானும் காட்டிட்டு வந்துட்டேன்."

பின்சீட்டில் நித்திலா அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பூட்டுன வீடு. மூணு மணி நேரம் மழையில படியில உட்கார்ந்திருக்கு. பக்கத்து வீட்டுக் கதவைக்கூடத் தட்டல."

"ஐயோ. அவளுக்கு ஏதாவது..."

"ஒண்ணும் ஆகல. விவரம் தெரிஞ்சு நானும் ஓடுனேன். அவங்க அம்மாவும் அப்பத்தான் வந்தாங்க. புள்ள நடுங்கிக்கிட்டு நிக்குது. அவங்க முதல்ல என்ன கேட்டாங்க தெரியுமா?"

மாஸ்டர் எதிரே இருந்த பச்சைக் கதவைப் பார்த்தார்.

"'யார்கிட்டயாவது நம்ம வீட்டைச் சொல்லிட்டியா?'ன்னு கேட்டாங்க. அது, 'இல்லம்மா, சொல்லவே இல்லை'ன்னுச்சு. சொல்லும்போது அது முகத்துல ஒரு பெருமை அக்கா. பரீட்சையில நூத்துக்கு நூறு வாங்குன மாதிரி."

வெளியே அந்த வெள்ளைக்காரப் பெண்மணி மறுபடி குழாயைத் திறந்தார். செடிக்கு ஊற்றிக்கொண்டே காரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோமதியின் கோபம் இன்னும் போகவில்லை. ஆனால் அதை யார்மேல் வைப்பது என்றுதான் தெரியவில்லை. கோட்டின்மேல் வைத்தாள். ரகுபதிமேல் வைத்தாள். பக்கத்தில் இருந்தவர்மேல் வைத்தாள். அது எங்கேயும் நிற்காமல் திரும்பித் திரும்பி அவளிடமே வந்தது.

"பேசுறது சுலபம்" என்றாள். "இந்த இடம் போச்சுன்னா எம் புள்ள படிப்புக்கு யார் பதில் சொல்றது? நீங்க சொல்வீங்களா? நானும் முதல் நாள்லேருந்து கேக்கறேன். நல்ல பள்ளிக்கூடம் எந்தப் பக்கம் இருக்கு, சொல்லுங்களேன்!"

மாஸ்டர் ஹேண்ட்பிரேக்கைச் சுட்டிக்காட்டினார்.

கோமதி அதை இறக்கினாள். கண்ணாடியைப் பார்த்தாள். அதில் நித்திலாவின் முகம் முழுதாகத் தெரிந்தது. பிள்ளை உதட்டுக்குள் எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சை, பச்சை, பச்சை.

கோமதி வண்டியை எடுத்தாள். தெருமுனை வரை வந்தாள். அங்கே இரண்டு பக்கமும் பாதை பிரிந்தது.

"அம்மா, நான் வழி சொல்லவா?" என்றாள் நித்திலா.

"ம்."

"எந்த வீட்டுக்கு?"

பின்னால் ஒரு வண்டி வந்து நின்றது. சிக்னல் குச்சியின்மேல் கோமதியின் கை இருந்தது. ஆனால் அசையவில்லை. அவள் மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தாள்.

மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"கடைசிக் கால் மணி நேரம் அக்கா. நான் வழி சொல்றதில்ல."