மூணு படமும் லூர்துவும்

டீ எஸ்டேட் மலையில ஒரு போட்டோ ஸ்டுடியோ. மாஸ்டர், பல்கீஸ்னு ஒரு பொண்ணு, முப்பது வயசு. சிஷ்யன் மரியதாஸுக்கு அம்பத்திரெண்டு. சிரிக்காதீங்க, அப்படித்தான் அமஞ்சுது.

ஒரு நாள் மத்தியானம் மனுஷன் மழையில நனஞ்ச கோழியாட்டம் வந்து நின்னாரு.

"மாஸ்டர், ஒரு சந்தேகம்."

"கேளுங்கண்ணே."

"விடியக்காலைல மேட்டுல நின்னு மூணு படம் எடுத்தேன். வானத்துக்கு இருட்டா ஒண்ணு, நடுவாப்ல ஒண்ணு, பள்ளத்துக்கு வெளிச்சமா ஒண்ணு. பனி ஒதுங்க ஒதுங்க, விட்டு விட்டு. கம்ப்யூட்டர்ல மூணையும் சேத்தா வானமும் பளிச்சுன்னு இருக்கு, பள்ளமும் பளிச்சுன்னு இருக்கு. லூர்துவக் காணோம்."

லூர்து அவர் சம்சாரம்.

மாஸ்டர் மூணையும் தொறந்து பாத்துச்சு. மொத படத்துல லூர்து பலாமரத்துக்கிட்ட, கையில பை. அடுத்ததுல ரோட்டு வளைவுல. கடைசில பஸ் படியில ஒரு கால். சேத்த படத்துல வெறும் பாதை, கழுவி விட்டாப்ல.

"அசையிறது பேயாட்டம் தெரியும்னு கம்ப்யூட்டரே அழிச்சிருச்சுண்ணே. அக்கா காலங்காத்தால எங்க கெளம்புச்சு?"

"கோயமுத்தூரு. தங்கச்சி வீட்டுக்கு. இனிமே வரமாட்டாளாம்."

"ஏன்?"

"பேச ஆளில்லயாம். 'செவுத்துக்கிட்ட பேசுனாக்கூட எதிரொலி வருது'ங்குறா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"'ம்'ன்னேன்."

"ம்," அப்படின்னுச்சு மாஸ்டர். மூக்கால, மோவாய ஆட்டி. அசல் மரியதாஸ்.

அவருக்கே சிரிப்பு வந்துச்சு. பாதியில நின்னு போச்சு.

"நீங்க மேட்டுல நின்னது அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியும். பலாமரத்துக்கிட்ட நின்னு அண்ணாந்து பாத்தா."

"கூப்பிட்டீங்களா?"

"எப்படிக் கூப்பிட? மண்ணு பொதபொதன்னு கெடக்கு. நான் அசஞ்சா ஸ்டாண்டு ஆடும், மூணு படமும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காராது. மூச்சக்கூட அடக்கிக்கிட்டேன்."

வெளிய பனி எறங்கி எதிர்க்கடை மறஞ்சு போச்சு.

"அத விடுங்க மாஸ்டர். படத்துல அவள நிறுத்த முடியுமா? பெருசாப் போட்டு வீட்ல மாட்டணும். வீடு ஒரு மாதிரி இருக்கு."

"முடியுமே. மொத படத்துலேர்ந்து அக்காவ எடுத்து ஒட்டிரலாம். இருட்டுப் படந்தான், வெளிச்சம் ஏத்திக்கலாம்; அதுலதான் மொகம் நம்மளப் பாத்து இருக்கு."

"அப்ப ஒட்டுங்க!"

மாஸ்டர் மொத படத்தப் பெருசாக்குச்சு. அரிசி கணக்கா இருந்த மொகம் ஸ்கிரீன் முழுக்க வந்துச்சு.

"ஒட்டுறேண்ணே. அப்புறம் தெனமும் அக்கா உங்களையே அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்கும், கூப்பிடுவீங்கன்னு. பரவால்லயா?"