அய்யாத்துரை சார் வைத்த குப்பைத்தொட்டி

அநியாயம் நடந்தது தவமணிக்கு. உப்பளத்துப் பெண்களின் பேச்சை ஆராய, எட்டு மாதம் வெயிலில் அலைந்து அவள் பதிவு செய்த நூற்றுப் பத்து ஒலிக்கோப்புகள் கணினியில் அடித்த ஒரே வரியில் போய்விட்டன. அது போதாதென்று, 'மாணவியின் கவனக்குறைவு' என்று ஒரு கடிதம் வேறு தயாராகிக்கொண்டிருந்தது. அந்தக் கடிதம் துறைக் குழுவுக்குப் போனால், மறுபடி பதிவு செய்ய அவள் கேட்டிருந்த ஆறு மாத அவகாசம் கிடைக்காது. அவகாசம் இல்லையென்றால் ஆய்வும் இல்லை.

கடிதம் எழுத வேண்டியவர் அய்யாத்துரை சார். கல்லூரிக் கணினிக் கூடத்தின் பொறுப்பாளர், வயது நாற்பத்தெட்டு. அவருக்கு லினக்ஸ் இயங்குதளத்தைக் கற்றுக் கொடுத்தவள் சலோமி. கல்லூரியின் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவள், வயது இருபத்தாறு. குரு சீடரைச் 'சார்' என்பாள். சீடர் குருவை 'ஏம்மா' என்பார். இது என்ன முறை என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். கற்றுக் கொடுத்தவள் அவள்தான்.

கூடத்தில் இருந்த பன்னிரண்டு கணினிகளும் பழசு. ஒன்று திறப்பதற்குள் வாங்கி வந்த டீ ஆறிவிடும். சலோமி சொல்லிக் கொடுத்தபடி சார் எல்லாவற்றிலும் லினக்ஸ் போட்டு, அதன்மேல் இலேசான டெஸ்க்டாப் ஒன்றைப் போட்டார். கணினிகள் ஓட ஆரம்பித்தன. சாருக்கு ருசி கண்டுவிட்டது. ஐகான்களை எல்லாம் தூக்கினார். எதை எடுத்தாலும் விசையில் நடக்கும்படி செய்தார். கமாண்டுகளை அடிக்கிற டெர்மினலுக்குப் பச்சை எழுத்து கொடுத்தார். திறந்தவுடன் அது பேர் சொல்லி வணக்கம் வைத்தது.

கூடவே ஒரு நல்ல காரியமும் செய்தார். டெர்மினலில் ஒன்றை அழித்தால் அழிந்ததுதான், குப்பைத்தொட்டியில் போய் விழாது. அடிக்கடி பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். சார் செட்டிங் கோப்பில் ஒரு வரி எழுதினார். அதன் பிறகு அந்தக் கூடத்தில் யார் அழிக்கும் கமாண்டைக் கொடுத்தாலும், கோப்பு அழியாமல் குப்பைத்தொட்டிக்குப் போனது. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நல்லதுதானே, சொல்ல என்ன இருக்கிறது?

தவமணி டெர்மினலைத் தொட்டுப் பழகியதே அங்கேதான். கோப்புறை குப்பையாகிவிட்டால் மொத்தத்தையும் அழிப்பாள், பிறகு தொட்டிக்குப் போய் வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்வாள். இரண்டு வருடமாக அவள் வேலை செய்த விதம் இது. திங்கட்கிழமை, தன் ஒலிக்கோப்புகள் இருந்த சர்வரிலும் அப்படியே செய்தாள். பொறுக்கப் போனாள். தொட்டியைக் காணோம். சார் எழுதிய வரி கூடத்துக் கணினிகளில் மட்டும்தான் இருந்தது. மாணவர் கோப்புகளுக்குச் சர்வரில் பிரதி எடுத்து வைக்கும் வழக்கமும் இல்லை.

"ஏன் அழிச்சே?" என்று கேட்டார் சார்.

"நான் அழிக்கல சார். குப்பையிலதான் போட்டேன்."

"குப்பைத்தொட்டியே இல்லாத இடத்துலயா?"

"இருக்காதுன்னு யார் சார் சொன்னா?"

சார் கடிதத்தைப் பாதியில் விட்டுவிட்டுச் சலோமியின் அறைக்குப் போனார்.

"ஏம்மா, நான் செஞ்சது நல்லதா கெட்டதா?"

"நல்லது சார். எத்தனை பிள்ளைங்க கோப்பு தப்பிச்சிருக்கு!"

"அப்ப தப்பு அவளோடது."

"அந்தக் கமாண்ட் நிஜமாவே அழிக்கும்னு அவளுக்குத் தெரியாதே சார்."

"அப்ப என்னோடது."

"நல்லதுன்னு இப்பதானே சொன்னேன்."

சாருக்கு எரிச்சலாக வந்தது. ஒரு பக்கம் தள்ளினால் மறுபக்கம் திறக்கிற கதவில் மாட்டிக்கொண்டதுபோல் இருந்தது.

"குழப்பாதேம்மா. பன்னிரண்டு மணிக்குள்ள கடிதம் போகணும்."

"இங்கயே உக்காந்து எழுதுங்க சார். என் மெஷின் சும்மாதான் இருக்கு."

சலோமியின் கணினி, லினக்ஸ் போட்ட அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. வண்ணம் இல்லை, வணக்கம் இல்லை. ஊருக்கெல்லாம் செட்டிங் சொல்லிக் கொடுப்பவள் தன்னுடையதில் ஒரு வரி மாற்றவில்லை. சார் முகம் சுளித்துக்கொண்டே உட்கார்ந்தார். ஒரு பக்கம் எழுதினார். 'கவனக்குறைவு' இரண்டு இடத்தில் வந்தது. முடித்தார். விரல்கள் தாமாகவே இரண்டு விசைகளை அழுத்தின. திரையில் கடித ஜன்னல் மூடியது.

திறந்து பார்த்தார். ஒன்றும் இல்லை.

"எங்கம்மா கடிதம்?"

"போயிருச்சு சார்."

"என் மெஷின்ல இப்படி மூடினா அதுவே சேவ் பண்ணிக்கும்!"

"ஆமா சார். அதுல நீங்க அப்படி எழுதி வச்சிருக்கீங்க. இதுல யாரும் எழுதல."

"நான் அதைத்தான் அழுத்துவேன்னு உனக்குத் தெரியும்ல? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

சலோமி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் ஒண்ணும் பராக்குப் பாத்துக்கிட்டு மூடல. தினமும் மூடுற மாதிரிதான் மூடினேன்!"

சொன்ன பிறகுதான், தவமணி சொன்னதும் இதுதானே என்று அவருக்கு உறைத்தது.

"கூடத்துல அந்தக் குப்பைத்தொட்டி வரியை எடுத்துடவா?"

"எடுத்தா நாளைக்கே நாலு பேர் அழுதுக்கிட்டு வருவாங்க."

"அப்ப இருக்கட்டுமா?"

"இருந்தா இன்னொரு தவமணி வருவா."

"செட்டிங்கை எப்படி மாத்துறதுன்னு நீதானேம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்தே!"

"நான்தான் சார்."

"பிள்ளைங்ககிட்டச் சொல்லிட்டு மாத்துங்கன்னு சொன்னியா?"

"சொல்லல சார்."

அவள் இப்படிச் சட்டென்று ஒத்துக்கொண்டது சாரை இன்னும் குழப்பியது. சண்டை போடலாம் என்று நினைத்தால் எதிரில் ஆளே இல்லை.

மணி பதினொன்று நாற்பது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே தவமணி பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். உள்ளே வரவில்லை. சலோமி ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து, விசைப்பலகையைச் சாரின் பக்கம் நகர்த்தினாள். சார் தேதியை அடித்தார். அதற்கு மேல் விரல் நகரவில்லை.

"தப்பு யாரோடதுன்னு தெரியாம இதை எப்படிம்மா ஆரம்பிக்கிறது?"

"அடியிலேருந்து ஆரம்பிங்க சார். கீழே ரெண்டு கையெழுத்துக்கு இடம் விடுங்க."

"தவமணியோடதும் என்னோடதுமா?"

"இல்ல சார். உங்களோடது, என்னோடது."