கேட்டில் படுத்தவரும் தாண்டிப் போனவர்களும்

ஒரு வழக்கைச் சொல்கிறேன், தீர்ப்பு உங்களுடையது. கடைசியில் நான் கேட்கும்போது பக்கத்து ஆளின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லக் கூடாது, ஆமாம்!

தூத்துக்குடித் துறைமுகத்தில் மூட்டை சுமக்கும் கேங்குகள் ஒரு காலத்தில் பத்தொன்பது இருந்தன. கேங்குக்குப் பன்னிரண்டு பேர். சரக்கெல்லாம் இரும்புப் பெட்டிகளில் வரத் தொடங்கி, கிரேன்கள் வந்து நின்றதும் ஒவ்வொரு கேங்காகக் கலைந்தது. மிஞ்சியது ஒன்றே ஒன்று. அதில் ஒருவன் வியாகுலம். நாலு வருஷத்துக்கு முன்னால் கப்பலுக்குள் சர்க்கரை மூட்டை சரிந்து அவன் இடுப்பில் விழுந்தது. அதற்குப் பிறகு அவனால் குனிய முடியாது. ஆனாலும் வேலைக்குப் போனான். கேங்கு வழக்கம் அப்படி. ஒருவனுக்கு முடியவில்லையென்றால் அவன் பங்கு மூட்டையை மற்றவர்கள் சுமப்பார்கள். ஆளைக் கழித்துவிட மாட்டார்கள். வியாகுலம் நின்றபடியே கொக்கி மாட்டிவிடுவான், ஊர்வம்பு பேசிப் பதினோரு பேரையும் சிரிக்க வைப்பான்.

இன்னொரு வழக்கமும் உண்டு. துறைமுகக் கேட்டில் போராட்டமென்று ஒருவன் படுத்துவிட்டால், அவனைத் தாண்டி எவனும் வேலைக்குப் போவதில்லை. முப்பது வருஷத்தில் ஒருவனும் தாண்டியதில்லை.

சங்கத் தலைவர் கஸ்பார். குரல் வெண்கலம். கை சுத்தமென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கிரேனை உள்ளே விடமாட்டேன் என்று மேடை மேடையாக முழங்கிய மனுஷன், ஒருநாள் கம்பெனிக்காரர்களோடு உட்கார்ந்து பிரியாணி தின்றுவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதமே அவர் மகள் ஜெசிந்தாவுக்கு அதே கம்பெனி ஆபீசில் வேலை கிடைத்தது. அடுத்த தேர்தலிலும் அவர்தான் ஜெயித்தார். எதிர்த்து நிற்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை காலையில் கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தது. அரிசி ஏற்றுமதி, எல்லாம் மூட்டை, ஒரு வருஷத்துக்கு வேலை. ஆனால் வியாகுலம் வரக் கூடாது. அவன் இடத்துக்குக் கம்பெனியே ஆள் போடும். மற்ற பதினோரு பேரும் மாலை நாலு மணிக்குள் கேட்டுக்கு உள்ளே இருக்க வேண்டும். இல்லையென்றால் வேலை வேறு துறைமுகத்துக்குப் போய்விடும்.

சங்க ஆபீசில் எல்லோர் முன்னாலும் கஸ்பார் கடிதத்தைக் கிழித்துப் போட்டார். "போனா பன்னிரண்டு பேரும் போவானுவ. இல்லேன்னா ஒருத்தனும் போவ மாட்டான்!"

ஒருவரும் கை தட்டவில்லை. வியாகுலம் மற்றவர்களின் முகங்களைப் பார்த்தான். மூன்று மாதமாக ஒரு கப்பலும் இல்லை. தன் ஒருவன் இடுப்புக்காகப் பதினோரு வீட்டில் அடுப்பு அணைய வேண்டுமா? நினைக்கவே அவனுக்கு அவமானமாக இருந்தது. கேங்கில் இருப்பதற்கு அடையாளமாகச் சுவரில் மாட்டியிருந்த தன் பெயர்த் தகட்டைக் கழற்றி மேசையில் வைத்தான்.

"நான் விலகிக்கிடுதேன் அண்ணாச்சி. இவனுவ போகட்டும்."

"ஏலே, தகட்டை மாட்டு! இன்னைக்கு உன்னைக் கேக்கான். நாளைக்கு இன்னொருத்தனைக் கேப்பான்."

வியாகுலத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நீரு தாராளமா முறைக்கலாம் வே. உம்ம வீட்ல சம்பளம் வருது. கிரேனுக்குக் கையெழுத்துப் போட்டது யாரு, நானா?"

கஸ்பார் கண்ணை விலக்கவில்லை. "நான்தான் போட்டேன். தப்புதான். ஒருதரம் வித்தவன் காலம்பூரா வித்துக்கிட்டே இருக்கணுமோ?"

சொல்லிவிட்டு வெளியே போனவர், மூன்றரை மணிக்குத் துறைமுகக் கேட்டின் குறுக்கே, கொதிக்கிற தார் ரோட்டில் நீட்டி நிமிர்ந்து படுத்துக்கொண்டார்.

கம்பெனி அதிகாரி ஓடிவந்தார். "கஸ்பார், உங்க மகளைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க."

"நெனைச்சிட்டுத்தான் படுத்திருக்கேன்."

கேட்டுக்கு எதிரே கம்பெனி ஆபீஸ் மாடி ஜன்னலில் ஜெசிந்தா நின்றிருந்தாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் படியிறங்கி வெளியே வருவதை எல்லோரும் பார்த்தார்கள். அப்பாவின் தலைமாட்டில் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். வியாகுலமும் வந்து கேட்டோரம் நின்றான்.

நாலு மணிக்கு இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது. கேங்கு மேஸ்திரி தொம்மை பத்துப் பேரோடு வந்தான். அவன் வீட்டில் கைக்குழந்தையோடு சேர்த்து மூன்று பிள்ளைகள். கஸ்பாரைப் பார்த்தான், வியாகுலத்தைப் பார்த்தான்.

"போ தொம்மை, நான்தான் சொல்லிட்டேன்லா" என்றான் வியாகுலம்.

தொம்மை செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். உடம்பில் கால் படாமல் கஸ்பாரைத் தாண்டினான். பின்னாலேயே பத்துப் பேரும் செருப்பைக் கையில் பிடித்தபடி தாண்டினார்கள். கேட் மூடியது.

ஒருவனைக் கழிக்க மாட்டேன் என்று படுத்தவர் கஸ்பார். பதினோரு பேருக்காகத் தானே விலகிக்கொண்டவன் வியாகுலம். பசிக்கிற பிள்ளைகளுக்காகத் தாண்டிப் போனவன் தொம்மை. சொல்லுங்கள், மூவரில் யார் செய்தது சரி?

விடை: கஸ்பார் செய்ததுதான். பழைய கறையை வைத்து அவரைத் தள்ளிவிட முடியாது. இந்தமுறை அவரும் தன் வீட்டு அடுப்பைத்தான் பந்தயம் வைத்தார். தொம்மையைத் திட்ட எனக்கு மனசில்லை. ஆனால் தான் செய்வது சரியென்று நம்பியவன் செருப்பை எதற்குக் கழற்றுகிறான்? வியாகுலம் நல்லவன், ஆனால் ஏமாந்தான். தன் வேலையை மட்டும் விட்டுக்கொடுப்பதாக நினைத்து, ஆளைக் கழிக்கக் கூடாது என்ற வழக்கத்தையே தூக்கிக் கொடுத்துவிட்டான். அது பன்னிரண்டு பேருக்கும் சொந்தம். தனியாகக் கொடுக்க அவன் யார்? அன்று ராத்திரி முழுக்க யோசித்து அவனும் இந்த முடிவுக்குத்தான் வந்தான். ஞாயிறு கழிந்து திங்கட்கிழமை காலை இடுப்பு பெல்ட்டை இறுக்கிக்கொண்டு கேட்டுக்குப் போனான். அவனைப் படுக்க வைக்க கஸ்பாரும் ஜெசிந்தாவும் ஆளுக்கொரு கை பிடிக்க வேண்டியிருந்தது. எட்டு மணிக்குத் தொம்மை வந்து பார்க்கிறான், இன்றைக்கு அவன் தாண்ட வேண்டியவர்கள் இரண்டு பேர்.