சலூன் வாசலில் மாட்டிய யானையும் கோணப்பட்டிக் கமிட்டியும்

கோணப்பட்டி ஆரம்பப் பள்ளிக்கு ஒரு டீச்சர், ஒரு கமிட்டி. டீச்சர் பெயர் எஸ்தர். கமிட்டியில் தலைவர் சிங்காரவேலு, ஆவுடையப்பன், மாசானம் என்று மூன்று பேர். மூவருக்கும் சேர்த்து மூளை ஒன்றுதான். அது இன்றைக்கு யாரிடம் இருக்கிறது என்பதில்தான் எப்போதும் தகராறு.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் டீச்சர் தங்கச்சி கல்யாணத்துக்குக் கிளம்பினார். போகும்போது ஒரு வேடிக்கைக் கதைப் புத்தகத்தைத் தலைவர் கையில் கொடுத்தார்.

"சத்தமா வாசிங்க அண்ணாச்சி. படம் பிள்ளைங்க பக்கம் இருக்கணும். கடைசியில உக்காந்திருக்க பிள்ளைக்கும் கேக்கணும். மயிலிறகு வச்ச பக்கத்தோட நிறுத்திருங்க. மீதியத் திங்கக்கிழமை நான் வாசிக்கேன்."

தலைவர் புத்தகத்தைப் பிள்ளைகள் பக்கம் திருப்பிப் பிடித்தார். பிடித்த பிறகுதான் தெரிந்தது, அவருக்கு அட்டை மட்டும்தான் தெரிகிறது. அதனால் ஆவுடையப்பன் பிள்ளைகள் நடுவே சம்மணம் போட்டு, அங்கிருந்து தலைப்பை வாசித்தார்.

கடைசிப் பிள்ளைக்குச் சரியாகக் கேட்கவில்லை. மாசானம் அவனைத் தூக்கி ஆவுடையப்பன் பக்கத்தில் உட்கார வைத்தார். இப்போது வேறொரு பிள்ளை கடைசியாகிவிட்டது. அதையும் தூக்கினார். இப்படியே தூக்கித் தூக்கி வகுப்பு முழுவதும் ஆவுடையப்பன் மடியிலும் தோளிலும் ஏறிவிட்டது. பிள்ளைகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கதை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

கதையில் ஒரு யானை முடி வெட்டிக்கொள்ளப் போய், சலூன் வாசலில் மாட்டிக்கொண்டது. படத்தில் அதன் பின்பக்கமும் வாலும் தெருவில் நின்றன. அந்தப் பக்கத்தில்தான் மயிலிறகு இருந்தது.

"அவ்வளவுதான்" என்றார் தலைவர்.

ஒன்றாம் வகுப்புப் பவளக்கொடிக்கு உதடு பிதுங்கியது. "திங்கக்கிழமை வரைக்கும் யானை அங்கயேவா நிக்கும்?" என்று கேட்டு ஓவென்று அழுதாள். சிரித்த வகுப்பு கப்சிப் ஆனது. கமிட்டிக்கும் பொறுக்கவில்லை. என்ன சொன்னாலும் மனசு தங்கமான மனுஷர்கள்.

"அடுத்த பக்கத்தத் திருப்பிப் பாப்பமா?" என்றார் மாசானம்.

"டீச்சர் பேச்ச மீறவா?" என்றார் தலைவர்.

"மீற வேண்டாம். இந்தப் பக்கத்துல வச்சே காப்பாத்துவோம்" என்றார் ஆவுடையப்பன். அன்றைக்கு மூளை அவரிடம் இருந்தது.

வழுக்கிக்கொண்டு வரட்டும் என்று வாசலைச் சுற்றி விளக்கெண்ணெய் தடவினார்கள். பக்கம் பளபளத்ததே தவிர யானை அசையவில்லை. வாலைப் பிடித்து இழுக்கலாம் என்றால் நகம்தான் வலித்தது. கடைசியில் கத்தரிக்கோல் வந்தது. வால் முடி ஒன்றுகூட அறாமல் யானையை வெட்டி எடுத்து, ஜன்னலோரம் நிழலில் வைத்து, பக்கத்தில் ஒரு வாழைப்பழமும் வைத்தார்கள். ஓட்டை வழியாக மீதிக் கதை தெரிந்துவிடக் கூடாதே என்று தலைவர் தன் துண்டால் அதை மூடினார். பவளக்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டு கை தட்டினாள்.

திங்கட்கிழமை டீச்சர் வந்து துண்டைத் தூக்கிப் பார்த்தார். தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"யானை பத்திரமா இருக்கு டீச்சர். இன்னும் பயந்தான் தெளியல, பழத்தத் தொடவே இல்ல" என்றார் தலைவர்.

டீச்சர் பெருமூச்சு விட்டுப் பக்கத்தைத் திருப்பினார். சலூனுக்குள்ளே, கழுத்தில் வெள்ளைத் துணி கட்டி, வாயைப் பிளந்துகொண்டு நின்றது யானையின் முன்பக்கம்.

வகுப்பு உருண்டு புரண்டு சிரித்தது. கமிட்டி மட்டும் எழுந்து நின்றது.

"அண்ணாச்சி, பாதியத்தான காப்பாத்திருக்கோம்" என்றார் மாசானம் மெதுவாக.

தலைவர் ஜன்னலைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார். முகம் தெளிந்தது.

"அதான பாத்தேன். வாலுக்குப் பக்கத்துல பழத்த வச்சா எப்படிலே திங்கும்? வாய் இங்கல்லா இருக்கு."

சொல்லிவிட்டு, கறுத்துக் குழைந்த பழத்தை உரித்து யானையின் வாயில் வைத்து, நன்றாக மென்று முழுங்கட்டும் என்று புத்தகத்தை இறுக்கி மூடி அதன்மேல் உட்கார்ந்தார்.